அமாவாசையன்று வேணி பிடுங்கிய கேபிள்

கிருஷ்ணவேணி இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்குச் சற்று முன்னால், இப்போது நான் வேலை செய்யும் ஆபீஸிலிருந்து ஓர் அறிவிப்பு வந்திருந்தது. வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைவதற்காக வைத்திருக்கும் விபிஎன் பெட்டியில் மறுபடியும் ஓர் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்களாம். அடுத்த தகவல் வரும்வரை யாரும் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். படித்ததும் வேணியைக் கூப்பிட்டு "உன் பெட்டிக்குத் திரும்பவும் காய்ச்சலாம்டி" என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் பெயரைத் தேடும்போதே அவள் தம்பியின் செய்தி வந்து விழுந்தது. "அக்கா காலைல போய்ட்டாங்க சுமதிக்கா. நாராயணவனத்துக்கு எடுத்துக்கினு போறோம்."

இரண்டு வருடமாக டயாலிசிஸில் இருந்தவள். எதிர்பாராத சாவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அழுதுகொண்டேதான் நாராயணவனத்துக்கு பஸ் ஏறினேன். அவள் வீட்டு வாசலில் பழைய ஆபீஸ் முகங்கள் சில நின்றிருந்தன. பெரும்பாலும் பெண்கள். புத்தூர், நகரி, நாராயணவனம் என்று அவரவர் வீட்டிலிருந்தே எங்களுக்கு வேலை செய்தவர்கள். வராதவர்களே அதிகம். வந்தவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நல்ல மனுஷிதான்கா. ஆனா ஒண்ணுமே நடக்காததுக்கு எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டுப் பூட்டாங்க" என்றாள்.

சாவு வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். வேணியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும். அந்தப் பெண் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் வேலையைத் திருப்பதியில் உட்கார்ந்து செய்துகொடுத்தது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி எல்லோருக்கும் வேலை என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சொன்னார்கள். திறந்த கதவு வழியாக எங்கள் ஊர்ப் பையன்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள், கொஞ்சம் பேர் அமெரிக்காவுக்கே போனார்கள். பெண்கள் கல்யாணம் வரைக்கும் போனார்கள். வேணியும் பெங்களூரில் நெட்வொர்க் வேலை பார்த்தவள்தான். அவள் நைனாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து எங்களிடம் சேர்ந்தாள். நான் பில்லிங் பெண்களுக்கு டீம் லீடர். அவள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டாள். இருவரும் ஒரே வயது, ஒரே பஸ். அப்படி ஒட்டிக்கொண்டோம்.

நன்றாக வேலை தெரிந்த பெண்கள் கல்யாணம் ஆனதும், பிள்ளை பிறந்ததும் என்னிடம் வந்து நிற்பார்கள். "நகரியிலேர்ந்து தெனம் வந்துக்கினு போக முடியலக்கா." அழுதுகொண்டே ராஜினாமா கொடுப்பார்கள். நானும் புதிதாக இன்னொரு பெண்ணை எடுத்து முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பேன். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன வேணி ஒருநாள் மேனேஜர் அறைக்குப் போய், "அவங்க வர முடியாது சார், வேல போகலாம் இல்ல?" என்று ஆரம்பித்தாள். விபிஎன் பெட்டி வாங்க வேண்டும் என்று விடாமல் நச்சரித்தாள். மேனேஜர் சுதாகர் சார் மேலிடத்தில் பேசி வாங்கிக்கொடுத்தார். ராஜினாமா கொடுத்துப் போனவர்களை நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாதிப் பேர் போனிலேயே அழுதார்கள்.

வேணியே வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டரை மாட்டிவிட்டு வந்தாள். நகரியில் ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் மேஜையே ஆடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மாமியார் எங்களுக்குக் காபி கொடுத்தாள். முகம் மட்டும் கொடுக்கவில்லை. "வூட்லயே குந்திக்கினு எவன்கூட பேசப் போறா இவ?" என்று மருமகள் காதுபடவே கேட்டாள். வேணி சிரித்துக்கொண்டே, "பேசற வேல இல்லம்மா, கணக்கு வேல" என்று சமாளித்தாள். கிளம்பும்போது அந்த மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "பாஸ்வேர்ட யார் கேட்டாலும் குடுக்காத. உன் ஊட்டுக்காரர் கேட்டாலும் குடுக்காத. இது உன் சாவி" என்றாள். அந்தப் பெண்தான் சாவு வீட்டில் என்னிடம் அப்படிப் பேசியவள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

பெட்டி வந்து சில வருடங்கள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது தலைவலி. நெட்வொர்க்கைக் காக்க என்று விற்ற பெட்டியிலேயே ஓட்டை இருப்பதாக அதைச் செய்த கம்பெனி அறிவிக்கும். அடைக்க ஓர் அப்டேட் கொடுக்கும். வேணி உட்கார்ந்து போடுவாள். கொஞ்ச நாளில் அடுத்த ஓட்டை. "இந்த வேலைல ஓய்வே இல்லடி. நல்லா செஞ்சா ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்கலன்னா, நீ இன்னா பண்றன்னு கேப்பாங்க" என்பாள். அவள் எரிச்சலாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அலுத்துப்போன குரலில், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொல்வாள்.

அந்தப் புரட்டாசியில் வந்தது எல்லாவற்றையும் விட மோசமான ஓட்டை. எனக்குப் புரியவில்லை என்றதும் திருப்பதி லாட்ஜை வைத்தே விளக்கினாள். அந்தப் பெட்டியில் சோதனைக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஒரு மெஷினின் முகவரியை அடித்தால், அது உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி பார்த்துச் சொல்லும். "லாட்ஜு வாட்ச்மேன்கிட்ட, அஞ்சாம் நம்பர் ரூம்ல ஆள் இருக்கான்னு பாருன்னு சொல்றோம். அவன் பாக்கறான். அதுக்குப் பின்னாடியே, அப்படியே எல்லா ரூம் சாவியும் எடுத்துக்கினு வான்னு சேர்த்துச் சொன்னா? எதக் கேக்கணும், எதக் கேக்கக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியல. சொன்னத பூரா செய்றான்." முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி வைத்து எந்தக் கட்டளையை எழுதினாலும் பெட்டி அதையும் நிறைவேற்றும், அதுவும் பெட்டிக்கே முதலாளி என்கிற அதிகாரத்தோடு. போதாததற்கு இன்னொரு கோளாறினால் அந்தப் பக்கத்துக்குப் போக லாகின்கூடத் தேவைப்படவில்லை. உலகத்தில் எங்கிருந்தும் எவனும் எழுதலாம்.

அப்டேட் வெளியான மறுநாள் மகாளய அமாவாசை. வேணி அப்டேட் வந்த அன்று சாயங்காலமே போட்டுவிடலாம் என்று கிளம்பினாள். ஆனால் பெட்டியை நிறுத்த வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி மறுநாளுக்குத்தான் கிடைத்தது. மறுநாள் என்றதும் சுதாகர் சார் தலையை ஆட்டிவிட்டார். "அமாவாஸ்ய வெள்ளிபோனீ அம்மா. விதிய நாடு சேத்தாம்." அமாவாசை போகட்டும், அடுத்த நாள் பிரதமையும் நல்லதில்லை, துவிதியையில் செய்யலாம் என்று அமெரிக்காவுக்கும் எழுதி, கிடைத்த அனுமதியைத் தள்ளிவைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெலுங்குக்காரர்கள் அமாவாசையில் எதையும் தொட மாட்டார்கள். அதோடு முன்பு ஓர் அமாவாசையில் அப்டேட் போட்டு, பெட்டி எழுந்திருக்காமல், நாள் முழுக்கத் திட்டு வாங்கிய மனிதர் அவர். வேணி, "எங்க பக்கம் அமாவாசைலதான் சார் கடையே தொறப்பாங்க" என்று சிரித்துப் பார்த்தாள். பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் கெஞ்சிப் பார்த்தாள். சரி, உங்கள் அமாவாசை வேறு எங்கள் அமாவாசை வேறு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள், அமாவாசையன்று, ஆபீஸில் கூட்டமே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் பெரும்பாலானோர் அன்று என்னிடம் அரைநாள் லீவு சொல்லியிருந்தார்கள். முன்னோர்களுக்குப் படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் அவர்கள் மற்ற வேலையைத் தொடுவார்கள். வேணி யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று என்னைக் கூப்பிட்டாள். நகரிப் பெண்ணின் பெயர் உள்ளே இருந்தது. உள்ளே இருந்தது மட்டுமா, அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தது.

"இவ லீவு இல்ல?" என்று கேட்டுக்கொண்டே வேணி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க?"

"படையல் போட்டுட்டு மாடில காக்காவுக்காக நின்னுக்கினு இருக்கேன்கா. ஒண்ணு கூட வந்து துன்னல. ஏன்கா, சுமதிக்கா கிட்ட லீவு சொல்லிட்டேனே?"

"கம்ப்யூட்டர் ஆன் பண்ணியா?"

"ஐயோ, வெரதம்கா. அந்தப் பக்கமே போவல."

"சரி, நீ காக்காவப் பாரு. சும்மாதான் கூப்ட்டேன்."

அந்தப் பெண் மாடியில் நிற்கிறாள். அவள் பெயர் எங்கள் நோயாளிகளின் கணக்குகளுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. வேணி எழுந்து சர்வர் அறைக்குப் போய், பெட்டியிலிருந்து வெளியே போகும் கேபிளைப் பிடுங்கினாள். கரண்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வந்தவனின் தடயம் அழிந்துவிடும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சார்கிட்ட போயி, வேணி புடுங்கிட்டான்னு சொல்லு. நாங்க புடுங்கினோம்னு சொல்லாத" என்றாள். அனுமதி இல்லாமல் பெட்டியை நிறுத்தினால் வேலை போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மற்ற ஊர்களில் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குத் திரை அப்படியே நின்றுபோனது. போன் மேல் போன். பெட்டி ரிப்பேர் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அவர்கள் அறிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அமெரிக்கக் கம்பெனி ஆய்வு செய்ய ஆட்களை நியமித்தது. அவர்கள் வீடியோவில் வந்தார்கள். பதிவுகளில் நகரிப் பெண்ணின் பெயர் இருக்கிறது, அவளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், போலீஸில் புகார் கொடுங்கள் என்றார்கள். சுதாகர் சார் வெலவெலத்துப்போய் சம்மதிக்கும் நிலையில் இருந்தார். வேணி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தப் பெட்டிக்குள் பெயரே இல்லாமல் யாரும் நுழையலாம் என்று அதைச் செய்தவர்களே அறிவித்திருக்கிறார்கள், அப்புறம் ஒரு பெயரை வைத்துக்கொண்டு எப்படி ஒருத்தியைத் திருடி என்பீர்கள் என்று கேட்டாள். அந்த நேரத்தில் அவள் படையல் போட்டுக்கொண்டிருந்தாள் என்றும், போனில் பேசியது தான்தான் என்றும், வேண்டுமானால் தன் பெயரை எழுதிக்கொள்ளும்படியும் சொன்னாள். படையல் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கவே நேரம் பிடித்தது. செத்தவர்களுக்குச் சோறு வைப்பது என்று வேணி இங்கிலீஷில் சொல்லி முடித்தாள்.

அவர்கள் உண்மையிலேயே அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள். பெட்டியை முழுதும் அறிந்தவள், அனுமதி இல்லாமல் அதை நிறுத்தியவள், சந்தேகத்துக்குரிய பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறவள். அவளும் உடந்தையோ என்ற சந்தேகத்தில் வேணியின் லாகினை முடக்கினார்கள். தினமும் ஆபீஸுக்கு வந்து, கம்ப்யூட்டரைத் தொடாமல், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தப் பொண்ணையே கூப்ட்டு வந்து நேர்ல சொல்ல வெச்சா முடிஞ்சிடும் இல்ல?" என்று கத்தினேன். வேணி கத்தவில்லை. "போலீஸுன்னு ஒரு வார்த்த காதுல வுழுந்தா அந்த மாமியார் அவள வாழ வுடுவாளா? நீயும்தான பாத்த. வேல போனா வேற வேல தேடிக்கலாம்டி. திருடின்னு பேரு வந்துச்சின்னா நகரியில எங்க தேடுவா?"

கடைசியில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். வேணி சொன்னதுதான் நடந்திருந்தது. அமாவாசைக்கு முன்தினமே எவனோ அந்தச் சோதனைப் பக்கம் வழியாகத் தன் கட்டளைகளை நுழைத்து, லாகின் பக்கத்தையே மாற்றி வைத்திருந்தான். அதற்குப் பிறகு உள்ளே வந்தவர்கள் அடித்த பாஸ்வேர்டுகளைப் பெட்டியே அவனுக்குச் சேர்த்துக்கொடுத்தது. அதில் நகரிப் பெண்ணுடையதும் ஒன்று. அவள் யாருக்கும் சாவியைக் கொடுக்கவில்லை. கேபிளைப் பிடுங்கியபோது அவன் கணக்குகளைத் தேடிக்கொண்டுதான் இருந்தான், எதுவும் வெளியே போகவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். "அவங்க பாத்த வரைக்கும்" என்று வேணி சேர்த்துக்கொண்டாள்.

இதை வெளியில் பேசக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வது இனி கிடையாது என்று அமெரிக்கா முடிவு செய்தது. தான் நச்சரித்து வாங்கிய பெட்டியைத் தானே கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள் வேணி. எல்லோரும் ஆபீஸுக்கு வர வேண்டும் என்று நான் போன் செய்து சொன்னேன். புத்தூர்க்காரர்கள் சிலர் வந்தார்கள். நகரிப் பெண் கொஞ்ச நாள் வந்து பார்த்தாள், முடியாமல் நின்றுவிட்டாள். பிறகு பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். வேணி பயந்துபோய், ஒன்றும் இல்லாததற்குப் பெட்டியை மூட வைத்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடந்ததைச் சொல்லிவிட நான் எழுந்து அவளிடம் போகப் பார்த்தேன். வேணி என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கோவமாத்தான இருக்கா. இருந்துட்டுப் போவட்டும். பயம் இல்லாம நிக்கறா பாரு."

அந்தக் கம்பெனியை யாரோ வாங்கி, கலைத்து, நாங்கள் எல்லோரும் வேறு வேறு இடம் போய்விட்டோம். கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னும் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. வந்து கேட்கட்டும். இத்தனை வருடம் பேசாமல் இருந்ததே எனக்குப் பெரிய பாரம். வேணி இருந்திருந்தால் இதையும் எழுத விட்டிருக்க மாட்டாள். அவள் போனபிறகும் அவள் மேல் விழுந்த பழியைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்குத் தெம்பில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். திரையில் யாருடைய பெயராவது தப்பாகத் தெரிந்தால், மேலே எதுவும் எழுதுவதற்கு முன் அந்தப் பெயருக்கு உரிய ஆளை போனில் கூப்பிடுகிறேன். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்கிறேன். இப்போதைய ஆபீஸில் என் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நகரிக்காரம்மா, போன மாதம் ஆஸ்பத்திரியில் வேணியைப் பார்க்கப் போயிருந்தேன். கையில் ஊசி, பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேசத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக் கிடந்தாள். நான் கிளம்ப எழுந்தபோது கண்ணைத் திறந்து, "அந்தப் பொண்ணு புள்ளய பெங்களூருக்குக் கூப்ட்டுக்கினு பூட்டாளா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "கேட்டு சொல்லு" என்றாள். நான் உன்னைக் கேட்கவில்லை. சாவு வீட்டில் உன்னைப் பார்த்தபோதுதான் உன் பின்னால் ஒரு சின்னப் பெண், சட்டைப்பையில் பெங்களூர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட யூனிஃபார்மோடு நின்றிருந்தாள்.